மெஷின் சரியானதும் சொல்கிறேன்

நவம்பர் 9, ஞாயிறு

இந்த நோட்டில் எழுதப்போவது:

1. எஸ்பிரெஸ்ஸோ மெஷினின் பாகங்கள், அதை இயக்கும் முறை.

2. அதன் கோளாறுகள், ஒவ்வொன்றுக்கும் காரணம், தீர்வு.

3. எந்தக் கோளாறு வந்தாலும் அது என் கைப்பிழை என்று வைத்துக்கொண்டே தேடத் தொடங்குவது. எப்படியும் அப்படித்தான் இருக்கும்.

4. மெஷின் சரியானதும் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் நான் கோயம்புத்தூர் போவது.

நோக்கத்தை எழுதாமல் எந்தச் சோதனையையும் தொடங்காதீர்கள் என்று கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்பில் வருடாவருடம் சொல்லி வந்தவன் நான். அதனால் எழுதிவிட்டேன். எழுதியபடி நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை.

இன்று காலை மாப்பிள்ளை தியாகு லாஃப்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். என் மகள் இந்துமதி ஆசைப்பட்டு வாங்கிய காபி மெஷின். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. காபி வாடையே குமட்டுகிறது என்றாள். மெஷின் மேலே போய்விட்டது. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது.

மாப்பிள்ளை துடைத்து, தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைப் போட்டார். வண்டு கண்ணாடியில் மோதுவது போல ஒரு இரைச்சல். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"மாமா, நீங்க பிசிக்ஸ் ஆளு. கொஞ்சம் பாருங்களேன்."

"நான் கரும்பலகை பிசிக்ஸ், மாப்பிள்ளை. குக்கர் விசில் அடிச்சாலே ஹாலுக்குப் போயிடறவன்."

"அது தெரிஞ்சுதான் உங்க பொண்ணு விசில் இல்லாத ஐட்டமா வாங்கியிருக்கா."

இருவரும் சிரித்தோம். அவள் பேச்சு வந்து நாங்கள் சிரித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவர் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டே, "சுகந்திக்கு இந்த மாதிரி கசப்புக் காபிதான் பிடிக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்னா" என்றார்.

"நல்லது" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

சுகந்தி மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் பெண். இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறார்கள். மாப்பிள்ளை என்னிடம் இதை முழுதாகச் சொல்லவில்லை. நானும் முழுதாகக் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் மாமனாரோடு உட்கார்ந்து தினமும் செய்தி பார்ப்பது சரியில்லை.

மாப்பிள்ளையின் அக்கா கோமதி போன மாதம் திருச்சியிலிருந்து எனக்குப் போன் செய்தார். நல்ல மாதிரிதான் பேசினார். "மாமா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. தம்பி வாயத் தொறந்து சொல்லமாட்டான். நாளைக்கு ஒரு பொண்ணு அந்த வீட்டுக்கு வந்தா, மூத்தாளோட அப்பா ஹால்ல உட்கார்ந்திருந்தா அதுக்கு எப்படி இருக்கும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டில் தங்குவதே எங்கள் பக்கம் வழக்கமில்லை. என் அப்பா அக்கா வீட்டுக்குப் போனால் மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். நான் இந்துவைப் பார்த்துக்கொள்ள வந்தேன். காரியம் முடிந்ததும் கிளம்பப் பெட்டியை எடுத்தேன். "எங்க போறீங்க? இருங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான் நடந்தது. இருந்துவிட்டேன்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் பேசியிருக்கிறேன். தையில் ஓர் அறை காலியாகிறதாம். நெருங்கிய உறவினர் ஒருவருடைய தொலைபேசி எண் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை எண்ணைக் கொடுத்தேன். வேறு யாருடையதைக் கொடுப்பது?

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மெஷின் வேலை முடியட்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

நவம்பர் 12, புதன்

பம்ப் கோளாறு தீர்ந்தது. நாள்பட்டு உலர்ந்து கிடந்ததால் பம்புக்குள் காற்று அடைத்திருக்கிறது. நீராவிக் குழாயின் திருகைத் திறந்து வைத்துவிட்டு பம்பை ஓட்டினால் காற்று வெளியேறிவிடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. தீபாவளிக்கு அணுகுண்டு வைப்பவன் போல, தோசைத் திருப்பியை நீட்டி, அதன் முனையால் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு தடவை தும்மியது. பிறகு தண்ணீர் வந்தது. குழாயடியில் வைத்திருந்த டம்ளர் நிறைந்து வழிந்தபோதுதான், நிறுத்துவதற்கும் கிட்டே போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்ததும் காட்டினேன். "தோசைத் திருப்பி எதுக்கு மாமா?" என்றார்.

"மின்கடத்தாப் பொருள்" என்றேன். மரக் கைப்பிடி. பொய் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

எங்கள் மேடவாக்கம் லாரித் தண்ணீரின் உப்பு மெஷினுக்குள் படிந்திருக்கிறது. எலுமிச்சை உப்பு கரைத்து ஓட்டினேன். மஞ்சளாக வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

எழுத வெட்கமாக இருக்கிறது.

சுகந்தி வந்தாள். கலகலவென்று பேசும் பெண். உள்ளே வந்தவுடன், "சார், நான் பிளஸ் டூ பிசிக்ஸ்ல ஜஸ்ட் பாஸ். இப்பவே சொல்லிடறேன், பின்னாடி ஏமாந்துடாதீங்க" என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

மெஷினின் கைப்பிடிக் கிண்ணத்தில் தூளை நிரப்பி அழுத்தி மாட்டி, பொத்தானை அழுத்தினேன். கிட்டே போய், விரலால். இரைச்சல் வந்தது, காபி வரவில்லை. காத்திருந்தேன். ஒரு கறுப்புச் சொட்டு மட்டும் கீழே தொங்கியது, விழவில்லை. நிறுத்தினேன். என்ன அடைப்பு என்று பார்க்கக் கைப்பிடியைத் திருகிக் கழற்றினேன்.

உள்ளே அழுத்தம் அப்படியே நின்றிருக்கும் என்பதை, அழுத்தம் என்றால் என்ன என்று ஒரு தலைமுறைக்குப் பாடம் நடத்திய நான் யோசிக்கவில்லை. படார் என்று சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தால் சுவர், குளிர்சாதனப் பெட்டி, என் சட்டை, சுகந்தியின் மாம்பழ நிறச் சேலை எல்லாவற்றிலும் காபித்தூள். சுடவில்லை, நல்ல வேளை. அவள் தள்ளித்தான் நின்றிருந்தாள்.

நான் கையில் கைப்பிடியோடு நின்றேன். 

அவள் முகத்தைத் துடைத்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "டேஸ்ட் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது கும்பகோணம் டிகிரி காபியாச்சே! என்ன தூள் போட்டீங்க?"

"வீட்டுல இருந்ததுதான். ஃபில்டர் தூள்."

"சிக்கரி கலந்ததா? ஐயய்யோ, சிக்கரி தண்ணி பட்டா பசை மாதிரி ஆயிடுமே. எங்க அம்மா ஃபில்டர்லயே அடைச்சுக்கும்."

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. இந்த வீட்டில் தூள் என்றால் சிக்கரி கலந்த தூள்தான். வேறு தூள் ஒன்று உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை.

மாற்றிக்கொள்ள அவள் இந்துவின் அலமாரியிலிருந்து சேலை கேட்கவில்லை. என்னுடைய வேட்டி ஒன்றைத் துண்டு மாதிரி போர்த்திக்கொண்டு, சேலையை அலசிக் காயப்போட்டுவிட்டு, ஃபில்டர் காபியே குடித்துவிட்டுப் போனாள். குக்கர் விசில் அடித்தபோது நான் ஹாலுக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். "எனக்கும் பயம் சார்" என்றாள். உண்மையா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மாப்பிள்ளை சிக்கரி கலவாத தூள் வாங்கி வந்தார். கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது. தனி டப்பாவில் போட்டு 'மெஷின்' என்று எழுதி ஒட்டினேன். ஃபில்டர் தூள் டப்பாவில் 'ஃபில்டர்' என்று ஒட்டினேன். இனிமேல் மாற வழியில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் நல்ல காபி.

கிண்ணத்தில் தூளைக் கோபுரமாக நிரப்பி, சமப்படுத்தி, கையை நேராக வைத்து அழுத்தினேன். சாய்த்து அழுத்தினால் தண்ணீர் மெல்லிய பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறது, காபி நீர்த்துப் புளிக்கிறது. நேராக அழுத்தியபோது, தேன் ஊற்றுவது போல கிண்ணத்தின் அடியிலுள்ள இரண்டு மூக்குகளிலிருந்தும் இறங்கியது. மேலே பழுப்பு நிற ஏடு.

கண்ணாடி டம்ளரில் ஒரு வாய்தான் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அப்படி ஒரே டம்ளரில் குடிப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. குடித்தேன். கசப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் ஏதோ பழம் மாதிரி.

"இந்து இதைத்தான் சொன்னா" என்றார். "ஒரு வாய், ஆனா அரை மணி நேரம் இருக்கும்னு."

கைப்பிடி மாட்டும் இடத்தில் ஓரமாகக் கசிகிறது. உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகிவிட்டது. புதிது வாங்கி மாட்ட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. பால் நுரைக்கும் குழாயையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். எலுமிச்சை உப்புக் கரைசலும் இன்னொரு முறை ஓட்டலாம். அவசரமில்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "மெஷின் முழுசா சரியானதும் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"இப்பவே சொல்லுங்களேன்."

"இல்லை, மெஷின் சரியானதும் சொல்றேன்."

நவம்பர் 25, செவ்வாய்

மாப்பிள்ளை பால்கனியில் நின்று போனில் யாருடனோ வெகுநேரம் பேசினார். உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே, "கோயம்புத்தூர்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா மாமா?" என்றார்.

"பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் இருக்காங்க" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர் அப்பளத்தைத் தொடவில்லை. ஆபீசில் ஏதோ தொல்லை போலிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

ரப்பர் வளையம் வந்தது. பழையதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். புதியதில் ஒரு பக்கம் விளிம்பு சரிவாக இருக்கும், அந்தப் பக்கம் மேலே போக வேண்டும். மாட்டினேன். கசிவு அறவே நின்றது. எனக்கே என் கைமேல் ஒரு மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கசிகிறது. கழற்றிப் பார்த்தால் சரிவு விளிம்பு கீழே இருக்கிறது. தலைகீழாக மாட்டியிருக்கிறேன்! வியாழக்கிழமை கசியாதது எப்படி? யோசித்தும் புரியவில்லை. மூன்றாவது குறிப்பின்படி: என் பிழை.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "அச்சச்சோ" என்றார். "பரவாயில்ல மாமா. மெதுவாப் பாருங்க. என்ன அவசரம்?" காலையில் அவரே வெங்காய ஊத்தப்பம் வார்த்தார். பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

சரியாக மாட்டியிருக்கிறேன். இன்று சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மறுபடியும் கசிவு, மறுபடியும் தலைகீழ். இந்தத் தடவை சரியாக மாட்டுவதற்கு முன் வளையத்தின் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

டிசம்பர் 3, புதன்

புள்ளி கீழே இருக்கிறது.

நானே கழற்றி, நானே திருப்பி மாட்டி, அதை நானே மறந்திருக்கிறேன். வேறு விளக்கம் இல்லை. வீட்டில் பகலில் நான் ஒருவன்தான்.

டிசம்பர் 6, சனி

காலையில் மெஷின் அடைத்துக்கொண்டது. இம்முறை அழுத்தம் தணியும்வரை காத்திருந்து திறந்தேன். கிண்ணத்துக்குள் களி. 'மெஷின்' டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். சிக்கரி. இரண்டு தூளையும் கலந்திருக்கிறேன். எப்போது என்று தெரியாது.

நீராவிக் குழாயின் நுனித் திருகையும் காணோம். வீடெல்லாம் தேடினேன். கடைசியில் ஸ்பூன் தாங்கியில், ஸ்பூன்களுக்கு நடுவே இருந்தது.

சமையலறை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

என்னை நானே சோதித்துப் பார்த்தேன். தனிம அட்டவணை: பிழையில்லை. கல்லூரிச் சோதனைச்சாலையில் அலமாரிகள் இருந்த வரிசை, எதில் எந்தக் கருவி: பிழையில்லை. என் மனைவியின் தங்கை பிள்ளைகள் பெயர்: ஒன்று வரவில்லை, ஆனால் அது எப்போதுமே வராது. நேற்றுச் சாப்பிட்டது: கத்தரிக்காய் குழம்பு.

பழையதெல்லாம் இருக்கிறது. போவது புதியது மட்டும். இப்படித்தான் தொடங்கும் என்று படித்திருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் காட்டிக்கொள்ளவில்லை. "மெஷின் எப்படி மாமா?" என்றார். "இன்னும் இழுக்குது" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 9, செவ்வாய்

கோயம்புத்தூருக்குப் போன் செய்து, தைக்கு முன்னாலேயே வர முடியுமா என்று கேட்டேன். வேறோர் அறை இருக்கிறதாம். மார்கழி பிறந்தவுடன் வரலாம் என்றார்கள்.

காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இந்துவை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். குளிப்பாட்டினார், தலை வாரினார். முடி கொட்டியபோது, அவளுக்குத் தெரியாமல் தலையணை உறையை மாற்றினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் இப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு இன்னொரு நோயாளி வேண்டாம். நான் மறந்துபோகிறவனாக ஆனால், அவர் என்னை விடமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவருக்குத் தெரிவதற்குள் போய்விட வேண்டும்.

இந்த மூன்று வருடம் நன்றாக இருந்தது.

டிசம்பர் 13, சனி

துணிமணிகளை எடுத்து வைத்தேன். நாளை சுகந்தி மதியம் சாப்பிட வருகிறாள். அவள் இருக்கும்போதே சொல்லிவிட்டால் மாப்பிள்ளை அதிகம் வாதாடமாட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு

 நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும், "மாப்பிள்ளை, மெஷின் சரியாகலை. ஆனாலும் சொல்லிடறேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "அப்ப வேண்டாம் மாமா. சரியாகட்டும்."

"அது சரியாகாது. மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சரியில்லை." வளையம், புள்ளி, தூள், ஸ்பூன் தாங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். கோயம்புத்தூரில் இடம் பார்த்திருப்பதையும், செவ்வாய்க்கிழமை கிளம்புவதையும் சொன்னேன். வகுப்பில் பாடக்குறிப்பு வாசிப்பது போலச் சொல்லி முடித்துவிட்டேன். குரல் உடையவில்லை.

மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"தியாகு, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"சிரிப்பா இருக்குன்னு நெனச்சு நானும் சும்மா இருந்துட்டேன். இது சிரிப்பில்ல. சொல்லுங்க."

"ரப்பரைத் திருப்பிப் போட்டது நான்தான் மாமா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்த ரப்பர்?"

"எல்லாமே. ரப்பர், தூள், அந்தத் திருகு. நீங்க காலைல வாக்கிங் போவீங்கல்ல, அப்ப."

"எதுக்கு?"

"அந்தக் கோயம்புத்தூர்காரங்க எனக்குப் போன் பண்ணாங்க. 'உங்க மாமனார் வர்றார், அவசரத்துக்கு உங்க நம்பர்தான் கொடுத்திருக்கார், சரிதானே'ன்னு கேட்டாங்க. நீங்க அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் மெஷின் சரியானதும் ஒரு விஷயம் சொல்லணும்னீங்க. அதான் விஷயம்னு புரிஞ்சுபோச்சு. அது சரியாகாம இருந்தா..." அவர் மேசைமேல் விரலால் கோடு இழுத்தார். "இருந்தா, நீங்க சொல்லமாட்டீங்க."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே, மாப்பிள்ளை."

"கேட்டா நீங்க 'சரி, இருக்கேன்'னுடுவீங்க. நான் எதைக் கேட்டு நீங்க மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க? நெஜமாவே உங்களுக்குப் போகணும்னு ஆசையோ என்னமோ. உங்க வயசு ஆளுங்க, பேச்சுத்துணை... எனக்கு எப்படித் தெரியும்? கேக்கறதுக்கும் பயம். விடறதுக்கும் மனசில்ல."

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்காதது. நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது. "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்டா!" என்று கத்தினேன். "பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டேன்! ஏன்டா இப்படிப் பண்ணே?"



மாப்பிள்ளையை டா போட்டுவிட்டேன். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து நீங்க, வாங்க என்று தவிர வேறு சொல்லாத வாய். வருங்கால மனைவியின் முன்னால். என் குரலை எதிர்ச்சுவரில் கேட்டது போல இருந்தது. மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடினேன். "மாப்பிள்ளை, நான்..." என்று தொடங்கினேன்.

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்து போன அன்று எல்லோருக்கும் காபி கொடுத்து, வண்டி பிடித்து, ஓடியாடிக்கொண்டிருந்தவர். அவர் அழுது நான் பார்த்ததில்லை.  அவர் தலையில் கை வைத்தேன். முடி வெட்ட வேண்டும் போல் வளர்ந்திருந்தது.

"திட்டுங்க மாமா" என்றார், தலையைத் தூக்காமல். "இன்னும் திட்டுங்க."

"திட்ட வரலை" என்றேன். உண்மை. ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துவிட்டது.

சுகந்தி விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினாள். "உட்காருங்க சார். கோமதியக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"என்கிட்டயும் சொன்னாங்க. 'நான் பெரியவர்கிட்டப் பக்குவமாப் பேசிட்டேன், நீ கவலைப்படாதே'ன்னு. எனக்கு என்ன கவலைன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது." குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை. "வர்ற பொண்ணு சங்கடப்படும், வர்ற பொண்ணு சங்கடப்படும்னு ஆளாளுக்குப் பேசறாங்க. அந்த வர்ற பொண்ணு நான்தானே? என்கிட்ட ஒருத்தரும் கேக்கல. நீங்களும்தான் சார்."

"கேக்கறதுக்கு எனக்கு..."

"பயம். தெரியும். மாமனாரும் மருமகனும் ஒரே ஜாதகம். நான் எப்படித்தான் உங்க ரெண்டு பேரையும் வச்சுக் குடும்பம் நடத்தப்போறேனோ!"

ரெண்டு பேரையும் என்றாள். நான் சரியாகத்தான் கேட்டேன்.

கொஞ்சம் பொறுத்து, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: அவள் அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையாம், வரமாட்டாராம். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துக்கு அவள் பக்கம் பெரியவர் ஒருவர் வேண்டுமாம். "நீங்க கோயம்புத்தூர்ல இருந்தா வந்து போக அலைச்சல் சார்" என்றாள்.

மாப்பிள்ளை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். "மாமா, உங்களுக்குப் போகணும்னு இருக்கா? நெஜமா சொல்லுங்க. நான் கேக்கறேங்கறதுக்காகச் சொல்லாதீங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 

"இல்லை" என்றேன். "போக இஷ்டமில்லை."

டிசம்பர் 15, திங்கள்

கோயம்புத்தூருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன்.

மாப்பிள்ளை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, நான் சொல்லச் சொல்ல மெஷினைக் கழற்றினார். வளையத்தை அவரே மாட்டினார், புள்ளி மேலே இருக்கும்படி. கலப்படத் தூளைக் கொட்டப் போனார். ஃபில்டரில் போடலாம், வீணாக்க வேண்டாம் என்றேன். திருகைக் குழாயில் பொருத்தும்போது, "மன்னிச்சிடுங்க மாமா" என்றார். நாலைந்து முறை சொல்லிவிட்டார். "அழுத்திப் பூட்டுங்க, அங்கதான் கசியும்" என்றேன்.

கசியவில்லை. பாலும் நன்றாக நுரைத்தது. ஆவி சீறியபோது நான் ஹாலுக்குப் போய்விட்டேன் என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காவது நடக்கவில்லை, ஆனால் அது திட்டம்தான். திட்டம் மாறலாம், அதைத் தவறு என்று சொல்ல முடியாது. மூன்றாவது அப்படியல்ல. எந்தக் கோளாறு வந்தாலும் அது என் கைப்பிழைதான் என்று, சோதித்துப் பார்க்காமலேயே, முடிவை முன்னால் எழுதிவிட்டேன். புள்ளி கீழே போனதைக் கண்ணால் கண்ட பிறகும் அதை நம்பினேன். மாணவன் ஒருவன் அப்படி எழுதியிருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மூன்றாவது தவறு.